வீட்டுல கார் வேலைக்கு இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கணுமா? முடிவெடுக்கறதுக்கு முன்னாடி வரிசையா செய்ய வேண்டியவை

புதுசா கார் வேலை கத்துக்கறவங்க பக்கத்துல நின்னு நிறைய தடவை பாத்திருக்கேன். ஒரு வீல் நட் கழல மாட்டேங்குது, கை வலிக்குது, அன்னைக்கு ராத்திரியே இம்பாக்ட் ரெஞ்ச், அதாவது அடிச்சு அடிச்சு நட்டைச் சுத்தற மெஷின், ஆர்டர் போட்டுடறாங்க. வந்ததும் அந்த நட் கழண்டுடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதே மெஷினை வெச்சு திரும்ப வீலை மாட்டறப்போ ஸ்டட்டை (நட்டு ஏறற மரை போட்ட கம்பி) முறிச்சுடுவாங்க, இல்லன்னா மரையைக் கெடுத்துடுவாங்க, அப்போதான் அளவு வெச்சு முடுக்கற டார்க் ரெஞ்ச்னு ஒண்ணு இருக்கறதே தெரியவரும்.

அதனால எந்த மாடல் நல்லதுங்கற கேள்வியை கடைசிக்குத் தள்ளி வைங்க. கீழ இருக்கிற வரிசையில போனீங்கன்னா பாதிப் பேருக்கு மூணாவது படியிலயே பதில் கிடைச்சுடும்.

1. போன ஒரு வருஷத்துல என்னென்ன வேலை செஞ்சீங்கன்னு எழுதுங்க

செய்யப் போறேன்னு நினைக்கறதை எழுதாதீங்க, செஞ்சதை மட்டும் எழுதுங்க. எதிர்காலத்துல சஸ்பென்ஷன் முழுசா மாத்துவேன்னு எல்லாருமே நினைப்போம், அதை நம்பி மெஷின் வாங்கினா அது அலமாரியிலதான் கிடக்கும்.

இப்போ ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்துல அதுல வர்ற பெரிய போல்ட் என்ன டார்க்ல (முறுக்கற விசை, நியூட்டன் மீட்டர்ல சொல்லுவாங்க) முடுக்கணும்னு எழுதுங்க, உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். பொதுவா கார்ல ஆயில் ட்ரெயின் போல்ட் 25ல இருந்து 40 நியூட்டன் மீட்டர், ஸ்பார்க் ப்ளக் 15ல இருந்து 30, பிரேக் காலிப்பர் கைடு பின் போல்ட் 25-35 பக்கம். இதுக்கெல்லாம் சாக்கெட் மாட்டி கையால திருப்பற சாதா ராட்செட் போதும். இம்பாக்ட் இதுல பக்கத்துலயே வரக்கூடாது, ஏன்னு கடைசியில சொல்றேன்.

வீல் நட் பெரும்பாலான கார்ல 80ல இருந்து 140க்குள்ள இருக்கும், காலிப்பர் பிராக்கெட் போல்டும் கிட்டத்தட்ட அந்த ரேஞ்ச்தான். ஆக்ஸில் நட்டுன்னு (வீல் நடுவுல டிரைவ் ஷாஃப்டைப் பிடிச்சிருக்கிற பெரிய நட்டு) வந்தா 180ல ஆரம்பிச்சு 300 வரைக்கும் போகும், சில வண்டியில அதுக்கும் மேல. கிராங்க் புல்லி (என்ஜின் முனையில பெல்ட் ஓடற சக்கரம்) போல்டும் இந்தக் கூட்டம்தான்.

உங்க லிஸ்ட்ல ஆயில், ஃபில்டர், ப்ளக், பிரேக் பேடு இவ்வளவுதான் இருக்குன்னா இதோட நிறுத்திக்கலாம், வாங்க வேணாம். சஸ்பென்ஷன், டிரைவ் ஷாஃப்ட், வீல் பேரிங், துருப்பிடிச்ச பழைய வண்டி இதுல ஏதாவது இருந்தா தொடர்ந்து படிங்க.

2. முதல்ல பிரேக்கர் பாரும் டார்க் ரெஞ்சும்

இது ரெண்டும் இல்லாம இம்பாக்ட் வாங்கறது தப்பான வரிசை.

பிரேக்கர் பார்ங்கறது நீளமான கைப்பிடி, முனையில சாக்கெட் மாட்டறதுக்கு சதுரம், அவ்வளவுதான், உள்ள ராட்செட் கிடையாது அதனால உடையறதுக்கும் ஒண்ணும் இல்ல. கணக்கு பாருங்க, 60 சென்டிமீட்டர் பார்ல 50 கிலோ அளவுக்கு அழுத்தினீங்கன்னா சுமார் 300 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 110ல முடுக்கின வீல் நட்டு இதுக்கு முன்னாடி நிக்காது. வண்டியோட வர்ற குட்டி வீல் ஸ்பேனர் 25-30 சென்டிமீட்டர்தான் இருக்கும், அதே அழுத்தத்துக்கு பாதிதான் வரும், நிறைய பேர் நட்டுகிட்ட தோத்துப்போறது இந்த குட்டி ஸ்பேனராலதான், நட்டு அவ்வளவு இறுக்கமா இருக்கறதால இல்ல.

வீலை தரையில வெச்சுக்கிட்டே லூஸ் பண்ணுங்க, வண்டியைத் தூக்கினதுக்கு அப்புறம் பார்ல தொங்கினா வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிடும். ஆறு பட்டை சாக்கெட் போடுங்க, பன்னெண்டு பட்டை சாக்கெட் நட்டோட மூலையை மட்டும்தான் பிடிக்கும், துருப்பிடிச்ச நட்டுன்னா மூலை வழுக்கி உருண்டையாயிடும்.

டார்க் ரெஞ்ச் ஏன் முதல்லன்னா, எதை வெச்சு கழட்டினாலும் திரும்ப முடுக்க இது ஒண்ணுதான் வழி. 40ல இருந்து 200 நியூட்டன் மீட்டர் ரேஞ்ச்ல அரை இன்ச் (சாக்கெட் மாட்டற சதுரத்தோட அளவு) கிளிக் டைப், அதாவது அளவு வந்ததும் கிளிக்னு சொல்றது, வீல் வேலைக்கு போதும். இங்க ரெண்டு தப்பு அடிக்கடி நடக்குது: அதை வெச்சே கழட்டறது, அப்புறம் வேலை முடிஞ்சதும் ஸ்பிரிங்கை அப்படியே 120லயே விட்டு வெக்கறது. ரெண்டுமே அளவைக் கெடுத்துடும். வேலை முடிஞ்சதும் ஸ்கேல்ல இருக்கிற மிகக் குறைஞ்ச நம்பருக்கு இறக்கி வைங்க, அதுக்கும் கீழ திருகாதீங்க.

இந்த ரெண்டையும் வெச்சு ரெண்டு மூணு வேலை செஞ்சு பாருங்க. துரு இளக்கற ஸ்ப்ரே அடிச்சு ராத்திரி முழுக்க ஊறவிட்டு காலையில கழட்டறதையும் பழகிக்கோங்க. இதுலயே எல்லாம் கழண்டுச்சுன்னா இம்பாக்ட் உங்களுக்கு நேரத்தை மிச்சம் பண்ணுமே தவிர அவசியம்னு ஆகாது.

3. எந்த நட்டு உங்களைத் தடுக்குது, ஏன் தடுக்குதுன்னு பாருங்க

என்னைக் கேட்டா முடிவு பண்ற இடமே இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

இம்பாக்ட் ரெஞ்சுக்குள்ள மோட்டார் ஒரு கனமான சுத்தியலை சுத்துது, அந்த சுத்தியல் சாக்கெட் மாட்டியிருக்கிற பட்டடையில ஒவ்வொரு சுத்துக்கும் மோதுது, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான அடி. ஒவ்வொரு அடியும் ரொம்ப சின்ன நேரம்தான், அதனால உங்க கை முறுக்காது, இது முக்கியம், நட்டு பிடிச்சுக்கிட்டு இருக்கிற பாகமும் கூடவே சுத்தறதுக்கு நேரம் கிடைக்காது.

இப்போ யோசிங்க, கைக்கருவி எங்க தோக்குது? பலம் பத்தாத இடம் கொஞ்சம்தான். நட்டோட எதிர்ப்பக்கமும் சேர்ந்து சுத்தற இடம்தான் நிறைய. பால் ஜாயிண்ட் நட்டுல ஸ்டட் கூடவே சுத்தும். ஷாக் அப்சார்பர் மேல் நட்டுல உள்ள இருக்கிற ராடு சுத்தும். கிராங்க் புல்லி போல்டுல என்ஜினே சுத்தும். ஆக்ஸில் நட்டுல வீல் சுத்தும், அதுக்கு வண்டிக்குள்ள ஒருத்தர் உக்காந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கணும். தனியா வேலை செய்யறவங்களுக்கு இந்த இடத்துலதான் இம்பாக்ட் உண்மையிலயே மதிப்பு. உங்க லிஸ்ட்ல இந்த மாதிரி நட்டு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வந்தாலே வாங்கறது நியாயம்னு நான் சொல்லுவேன். வீல் நட்டு மட்டும்தான்னா கைவலி எவ்வளவு தாங்கும்ங்கறதுதான் கேள்வி. தோள், முதுகு பிரச்சினை இருக்கறவங்க யோசிக்கவே வேணாம், அவங்களுக்கு அதுவே போதுமான காரணம்.

ஆனா இதுல மூணு இடத்துல மெஷினை வெக்கறதுக்கு முன்னாடி சிலது தெரிஞ்சிருக்கணும்.

ஷாக் அப்சார்பர் மேல் நட்டை, ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு சுருளை அழுத்தி அது மேல் தட்டுல இருந்து விடுபட்ட பிறகுதான் தொடணும். அழுத்தாம கழட்டினா ஸ்பிரிங் தெறிக்கும், உயிர் போகற விஷயம் இது, மெஷின் இருந்தா அந்த நட்டு மூணு செகண்ட்ல கழண்டுடும்ங்கறதால ஆபத்து இன்னும் கூடுது, யோசிக்க நேரமே இருக்காது. அதே மாதிரி கம்ப்ரஸரோட திருகையும் இம்பாக்ட் வெச்சு முடுக்காதீங்க, அந்த மரை அதுக்குன்னு செஞ்சது இல்ல.

கிராங்க் புல்லியில சில என்ஜின்ல சாவியே (பல்சக்கரம் நகராம பூட்டற சின்ன உலோகத் துண்டு) கிடையாது, போல்டோட அழுத்தம்தான் டைமிங் பல்சக்கரத்தை அங்க பிடிச்சு வெச்சிருக்கும். அதை லாக் பின் போடாம லூஸ் பண்ணினா டைமிங் நகந்துடும். மேனுவல் பாக்காம அந்த போல்டை தொடாதீங்க.

ஆக்ஸில் நட்டுல தட்டி மடிச்ச உதடு இருக்கும், இல்லன்னா நட்டு கழலாம குறுக்க செருகற காட்டர் பின் இருக்கும். அதை முதல்ல எடுத்துட்டுதான் கழட்டணும், அப்படியே அடிச்சா டிரைவ் ஷாஃப்டோட மரை போயிடும். நட்டு லூஸா இருக்கறப்போ வண்டியை தரையில உருட்டாதீங்க, வீல் பேரிங் கெடும்.

4. மெஷின் உள்ள நுழையுமான்னு அளந்து பாருங்க

இதை யாருமே செய்யறதில்ல. அரை இன்ச் மெஷின் உடம்பு மட்டும் 15ல இருந்து 20 சென்டிமீட்டர் நீளம் வரும், அதுக்கு முன்னாடி சாக்கெட் ஒரு 4ல இருந்து 8. ஆக நட்டுக்கு நேரா சுமார் 25 சென்டிமீட்டர் காலி இடம் வேணும், அதுவும் வளைவு இல்லாம.

ஒரு அட்டையை 25 சென்டிமீட்டருக்கு வெட்டிக்கிட்டு வண்டிக்கு அடியில போய் நீங்க எழுதின ஒவ்வொரு போல்டுக்கும் நேரா வெச்சுப் பாருங்க. வீல் ஆர்ச்சுக்குள்ள பெரும்பாலும் இடம் இருக்கும், என்ஜின் பேல இருக்காது. சின்ன என்ஜின் பே வண்டியில கிராங்க் புல்லிக்கும் உள் சுவருக்கும் நடுவுல கை நுழையறதே கஷ்டம்.

எக்ஸ்டென்ஷன் போட்டுக்கலாம்னு நினைப்பீங்க. போடலாம், ஆனா எக்ஸ்டென்ஷன் ஒவ்வொரு அடியிலயும் கொஞ்சம் முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங் மாதிரி அடியை உறிஞ்சிடும். நீளம் கூடக் கூட நட்டுக்குப் போற பலம் குறையும், யுனிவர்சல் ஜாயிண்ட் சேர்த்தா இன்னும் மோசம். 3/8 இன்ச் சைஸ்ல இந்த நஷ்டம் அரை இன்ச்சை விட அதிகம்.

5. காத்தா, வயரா, பேட்டரியா

காத்துல ஓடறது மெஷின் விலை குறைவு, எடை குறைவு, ரொம்ப வருஷம் உழைக்கும். ஆனா அது சுமார் 90 பிஎஸ்ஐ அழுத்தத்துல விடாம காத்து கேக்கும், டயருக்கு காத்தடிக்கற குட்டி கம்ப்ரஸர் அதுக்கு பத்தாது. ரெண்டு அடி அடிச்சுட்டு மூச்சு வாங்கும். ஏற்கனவே பெரிய டேங்க் கம்ப்ரஸர் வெச்சிருந்தா மட்டும் இதை யோசிங்க, அப்பவும் ஹோஸ் உள்விட்டம் 3/8 இன்ச் இருக்கட்டும், மெலிசான ஹோஸ்ல காத்து மூச்சுத்திணறி மெஷின் பலம் இழந்துடும்.

வயர் மெஷின் கனமா இருக்கும், வயரை இழுத்துக்கிட்டு திரியணும். ஆனா வருஷத்துல ரெண்டே தடவை எடுக்கறவங்களுக்கு நான் இதைத்தான் முதல்ல சொல்லுவேன், ஏன்னா லித்தியம் பேட்டரி பயன்படுத்தினாலும் இல்லன்னாலும் வயசாகிக்கிட்டேதான் இருக்கும், அஞ்சாறு வருஷம் கழிச்சு எடுக்கறப்போ மெஷின் நல்லாயிருக்கும், பேட்டரி சக்தி குறைஞ்சு போயிருக்கும்.

பேட்டரி மெஷின்தான் வேணும்னா உங்ககிட்ட ஏற்கனவே டிரில்லோ கிரைண்டரோ இருக்கிற அதே பேட்டரி குடும்பத்துல பாருங்க, மெஷின் மட்டும் தனியா வாங்கினா செலவு நல்லா குறையும். 18 வோல்ட்னு எழுதியிருக்கறதும் 20 வோல்ட் மேக்ஸ்னு எழுதியிருக்கறதும் ஒண்ணுதான், உள்ள அஞ்சு செல், செல்லுக்கு 3.6 வோல்ட்னா 18, முழு சார்ஜ்ல 4 வோல்ட்னு எண்ணினா 20. அதை வெச்சு ஏமாறாதீங்க. பேட்டரி 4 அல்லது 5 ஆம்பியர் ஹவரா இருக்கட்டும், சின்ன 2 ஆம்பியர் ஹவர் பேக் ஒரே நேரத்துல தேவையான கரண்டை தர முடியாம மெஷின் குறைஞ்ச பலத்துல ஓடும். நிறைய பேர் மெஷின் மோசம்னு திட்டறது உண்மையில பேட்டரியால வர்ற குறை.

சிகரெட் லைட்டர் சாக்கெட்ல செருகற 12 வோல்ட் மெஷின் வேணாம். அந்த சாக்கெட்டோட ஃபியூஸ் தாங்கற கரண்ட்ல பெருசா ஒண்ணும் நடக்காது.

6. பெட்டி மேல இருக்கிற நம்பரைப் படிக்கற விதம்

ரெண்டு நம்பர் இருக்கும். கழட்டற பலம் ஒண்ணு, முடுக்கற பலம் ஒண்ணு. பெரிய எழுத்துல இருக்கறது பெரும்பாலும் கழட்டறதுதான். கம்பெனி சோதனை செய்யறது புது போல்டு, நேரா மாட்டின சாக்கெட், முழு சார்ஜ் பேட்டரி. உங்ககிட்ட இருக்கறது துருப்பிடிச்ச போல்டு, எக்ஸ்டென்ஷன், அரை சார்ஜ்.

அதனால நான் பயன்படுத்தற கணக்கு இது: உங்க லிஸ்ட்ல இருக்கிற மிகப்பெரிய டார்க்கை ரெண்டால பெருக்குங்க, முடுக்கற பலம்னு போட்டிருக்கற நம்பர் அதைத் தாண்டணும். ஆக்ஸில் நட்டு 250ன்னா 500 நியூட்டன் மீட்டர். நடுத்தர அரை இன்ச் மெஷின்கள் இந்த இடத்துலதான் நிக்குது, வீட்டு வேலைக்கு இதுக்கு மேல போறது பெரும்பாலும் வீண் சுமை. ஆயிரத்துக்கு மேல பலம் உள்ளது பேட்டரியோட 3 கிலோ பக்கம் வரும், படுத்துக்கிட்டு அதை ஒரு கையில தூக்கி பிடிச்சுப் பாருங்க, புரியும். நம்பர் ஃபுட் பவுண்ட்ல இருந்தா 1.36 ஆல பெருக்கினா நியூட்டன் மீட்டர் வந்துடும்.

இன்னொண்ணு, இம்பாக்ட் டிரைவர்னு ஒண்ணு விக்கறாங்க, முனையில ஆறுபட்டை ஓட்டை இருக்கும், அது ஸ்க்ரூ முடுக்கறதுக்கு. சதுர முனை இருந்தாதான் ரெஞ்ச். அடாப்டர் போட்டு சமாளிக்கலாம்னு வாங்கினவங்க அடாப்டரை முறிச்சதை பாத்திருக்கேன்.

7. சாக்கெட் செலவையும் சேர்த்துக்கோங்க

பளபளன்னு இருக்கிற குரோம் சாக்கெட் கைக்கருவிக்கு. அது கடினமான உலோகம், மெல்லிசான சுவர், தொடர்ந்து அடி வாங்கினா விரிசல் விட்டு துண்டா தெறிக்கும். இம்பாக்ட் சாக்கெட் கறுப்பா இருக்கும், பெரும்பாலும் குரோம் மாலிப்டினம், சுவர் தடிமன், அடியைத் தாங்கி வளைஞ்சு கொடுக்கும். முழு செட் வேணாம், 17, 19, 21 மில்லிமீட்டர் மூணுலயும் ஆழமான ஆறு பட்டை சாக்கெட், அதோட உங்க ஆக்ஸில் நட்டு சைஸ், இதுலயே பாதிக்கு மேல வேலை ஓடிடும். அலாய் வீல்னா பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிசு சாக்கெட் வாங்குங்க, இல்லன்னா நட்டு குழியோட சுவர் கீறிடும்.

கண்ணாடியும் காதடைப்பும் இதே பட்ஜெட்லதான். துரு செதில் நேரா கண்ணுக்குத்தான் வரும், சத்தமோ காது பாதிக்கிற அளவுக்கு இருக்கும், வீல் ஆர்ச்சுக்குள்ள தலையை வெச்சுக்கிட்டா இன்னும் அதிகம்.

8. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை இரவல் வாங்கி செஞ்சு பாருங்க

தெரிஞ்சவங்ககிட்டயோ வாடகைக்கோ ஒரு நாள் எடுத்து உங்க வண்டியில உங்க லிஸ்ட்ல இருக்கிற கஷ்டமான ஒரு வேலையை செஞ்சு பாருங்க. எடை, இடம், சத்தம் மூணும் அப்பவே தெரிஞ்சுடும். அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்ல வேலை செய்யறவங்க சத்தத்துக்காகவே கைவிட்டதும் உண்டு. வருஷத்துக்கு ஒரே ஒரு பெரிய வேலைதான்னா இப்படி இரவல்லயே ஓட்டிடலாம், வாங்கவே வேணாம்.

9. வாங்கியாச்சு, முதல் வேலை வீல்லயே ஆரம்பிங்க

சமதளம், ஹேண்ட் பிரேக், எதிர் வீலுக்கு கட்டை. ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டு வெச்சு வண்டியை ஸ்டாண்டுல இறக்குங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீங்க.

சாக்கெட்டை நட்டுல முழுசா தள்ளி, மெஷின் நேரா நிக்குதான்னு பாத்துட்டு ட்ரிகரை அமுத்துங்க. சுத்தற திசை சுவிட்சை ஒவ்வொரு தடவையும் பாருங்க, தப்பான திசையில ரெண்டு செகண்ட் அமுத்தினாலே ஸ்டட் போயிடும். அஞ்சு பத்து செகண்ட் அடிச்சும் அசையலன்னா நிறுத்திடுங்க. தொடர்ந்து அடிச்சா நட்டு சூடாகி மரை ஒட்டிக்கும். ஸ்ப்ரே அடிச்சு ஊறவிட்டு, கொஞ்சம் முடுக்கற பக்கம் தட்டி, திரும்ப கழட்டற பக்கம் அடிங்க, துருப்பிடிப்பு உடைய அதுதான் வழி. லூஸ் ஆனதும் மீதியை கையாலயே கழட்டுங்க.

மாட்டறப்போ எல்லா நட்டையும் விரலால மூணு நாலு சுத்து ஏத்துங்க. மெஷின்ல சாக்கெட்டுக்குள்ள நட்டை வெச்சு நேரா ஸ்டட்டுல ஓட்டறதுதான் நான் பாத்ததுலயே அதிகமா நடக்கற தப்பு, மரை சாஞ்சு ஏறினா கைக்கு உடனே தெரியும், மெஷினுக்குத் தெரியாது, அது சாஞ்சபடியே வெட்டிக்கிட்டு உள்ள போயிடும்.

விரலால ஏத்தின பிறகு வீல் படியற அளவுக்கு கையாலயே முடுக்கி, டயர் தரையைத் தொடற வரைக்கும் இறக்கி, நட்சத்திர வரிசையில (பக்கத்து நட்டை விட்டு எதிர்ல இருக்கறதுன்னு மாத்தி மாத்தி) ரெண்டு சுத்தா டார்க் ரெஞ்ச்ல முடுக்குங்க, முதல் சுத்து பாதி டார்க், ரெண்டாவது முழுசு. ஸ்டட்டுல எண்ணெய் தடவாதீங்க, மேனுவல்ல இருக்கிற நம்பர் காஞ்ச மரைக்கு, எண்ணெய் இருந்தா அதே டார்க்ல ஸ்டட் தேவைக்கு மேல இழுபடும். 50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓட்டினதும் ஒரு தடவை திரும்ப செக் பண்ணுங்க.

10. மெஷினைக் கிட்ட கொண்டு போகக் கூடாத இடங்கள்

ஸ்பார்க் ப்ளக், ஆயில் ட்ரெயின் போல்டு, வால்வ் கவர் போல்டு. இதுங்க உக்காந்திருக்கறது பெரும்பாலும் அலுமினியம் மரையில, ஒரு செகண்ட் கூடினா மரை சுருண்டு வெளிய வந்துடும், அப்புறம் புது மரை வெட்டி இன்சர்ட் வெக்கற வேலை.

திருட்டைத் தடுக்கப் போடற லாக் நட்டு. அதோட சாவி மெல்லிசான உலோகம், அதுல இருக்கிற வடிவம் இம்பாக்ட் அடியில நொறுங்கிடும். நட்டு வீல்லயே மாட்டிக்கும், சாவியும் இருக்காது. அதுக்கு பிரேக்கர் பார்தான், முதல்ல அதைக் கையால லூஸ் பண்ணிட்டு மத்ததுக்கு மெஷினை எடுங்க.

பிரேக் ப்ளீடர் நிப்பிள், பிரேக் பைப் நட்டு, சென்சார் எதுவா இருந்தாலும் கைதான். ரப்பர் புஷ் இருக்கிற கன்ட்ரோல் ஆர்ம் போல்டை மெஷின்ல கழட்டலாம், ஆனா வண்டி காத்துல தொங்கறப்போ கடைசி முடுக்கு வேணாம், வண்டி எடை வீல்ல இறங்கின நிலையில டார்க் ரெஞ்ச்ல முடுக்கணும், இல்லன்னா புஷ் முறுக்கின நிலையிலேயே பூட்டிக்கிட்டு சீக்கிரம் கிழிஞ்சுடும்.

வேலை முடிஞ்சதும் பேட்டரியை மெஷின்ல இருந்து கழட்டி பாதி சார்ஜ்ல, வெயில் படாத இடத்துல வைங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க.